ஒரு பாத்தி நேரம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னிடம் பந்து கேட்பார்கள், விசில் கேட்பார்கள், யாருக்காவது கால் பிசகினால் தைலம் கேட்பார்கள். பாட்டனி சார் மட்டும் நேரம் கேட்பார். மணி என்ன என்பதல்ல அவர் கேள்வி. “ஸ்டாஃப் ரூம்ல இருந்து கேட் வரைக்கும் வந்தேன், எத்தனை நிமிஷங்க சார்?” என்பார். நான் வாட்சைப் பார்க்கவில்லை என்றால் முகம் வாடிவிடும். திரும்பிப் போய் மறுபடியும் நடந்து வருவார். நூற்றிருபத்தாறு கிலோ மனிதர், நழுவும் பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெற்றி வியர்வை கண்ணில் இறங்க வருவார். நான் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர். மாரண்டஹள்ளிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதி ஓய்வு பெற்றவன். பி.டி. வாத்தியாருக்கு மூளை கெண்டைக்காலில் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி பேசுவார்கள். மற்ற விஷயங்களில் எப்படியோ, பாட்டனி சார் விஷயத்தில் அது உண்மைதான். அவர் பேர் வேண்டாம். அவரும் இருக்கிறார், அவர் குடும்பமும் இருக்கிறது.

இப்படி நிமிஷம் கேட்கத் தொடங்குவதற்கு முன்னால் அவரைப் போல மெதுவான மனிதர் பாலக்கோடு தாலுகாவிலேயே கிடையாது. பையன்கள் அவருக்கு வைத்த பேர் ‘ஃபுல் லோடு’. தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் முக்கி முக்கி ஏறும் லாரியைப் பார்த்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. அவருக்கும் அந்தப் பேர் தெரியும். “லோடு இருந்தாத்தான் வண்டிக்கு மதிப்பு” என்று சிரிப்பார். மதியம் அவருடைய டிபன் கேரியரில் நாலு களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் இருக்கும். ஐந்தாவது ஒன்று யாராவது பட்டினி கிடப்பவருக்கு என்று தனியாக வரும். பட்டினி கிடப்பவர் யாரும் அகப்படாத நாளில் அதையும் அவரே கவனித்துக்கொள்வார்.

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டாலும் நடையை மாற்ற மாட்டார். “மெதுவா போலாங்க, அங்க என்ன ஓடியா போவுது” என்பார். பஸ் ஓடித்தான் போய்விடும். அடுத்த பஸ் வரும்வரை கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்கு நடைப் போட்டி வைத்தேன். அவரையும் இழுத்துவிட்டேன். பாதி தூரத்தில் நின்று, ஒரு பிள்ளையிடம் மோர் வாங்கிக் குடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியை நடந்தார். மைக் என் கையில் இருந்தது. “லோடு வந்துக்கிட்டே இருக்குது, மண்டியில எடம் ஒதுக்குங்க” என்றேன். கிரவுண்டே சிரித்தது, அவரும் சிரித்தார். அந்த மைக்கை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவருக்கு ஒரே தம்பி. விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், தண்ணீரைக் கண்டால் விடமாட்டார். சின்ன வயதில் முதுகில் காலி எண்ணெய் டின்னைக் கட்டித் தம்பிக்கு நீச்சல் பழக்கியது இவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தம்பி தன் சொந்தக் கிணற்றிலேயே செத்துப்போனார். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று, குழாயின் அடி நுனியில் தண்ணீர் உறிஞ்சும் ஃபுட்வால்வில் அடைத்துக்கொண்ட குப்பையை எடுக்க முங்கியிருக்கிறார். மேலே வரவில்லை. பாறையில் தலை மோதியிருந்தது என்றார்கள்.

ஸ்டாஃப் எல்லோரும் மாலையோடு போனோம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அதில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் வருகிறவர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே போவார்கள். நான் “விதிங்க சார்” என்றேன். எனக்குப் பின்னால் வந்த அவருடைய தூரத்துப் பங்காளி ஒருவர், எல்லாம் தெரிந்தவர் போல, “பத்து நிமிஷத்துக்குள்ள எடுத்திருந்தா பொழைச்சிருப்பான்” என்றார். எங்கே கேட்டாரோ, யார் சொன்னார்களோ. பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் நான் அதை மறந்துவிட்டேன்.

காரியம் முடிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்துதான் அவர் நிமிஷம் கேட்க ஆரம்பித்தார். ‘அங்க என்ன ஓடியா போவுது’ என்ற பேச்சை அதன்பின் ஒருதரம்கூட நான் கேட்கவில்லை. தம்பி போனதும் மனுஷனுக்கு உயிர்ப் பயம் வந்துவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் தீர்ப்பு எழுதி முடித்தோம். சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் கிரவுண்டைச் சுற்ற வருவார். முதல் வாரம் ஒரு சுற்றுக்கே இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். “சார், கிரவுண்டு தேஞ்சுடப் போவுது” என்று கத்துவேன். “எத்தனைங்க?” என்பார். சொன்னால் நோட்டில் குறித்துக்கொள்வார்.

களி நாலிலிருந்து இரண்டாகி, ஒன்றாகி, அப்புறம் கொள்ளும் கீரையுமாக ஆனது. மனிதர் இளைத்துக்கொண்டே போனார். எங்கள் ஊரில் ஒருவர் குண்டானால் ‘நல்லாருக்கீங்க’ என்பார்கள். இளைத்தால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். அவர் வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் ஆப்பிள் வந்தது. சர்க்கரையா, புற்றா என்று பெண்டுகள் அவர் மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய் விசாரித்தார்கள். மொரப்பூரிலிருந்து அவருடைய சித்தி ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், என்னிடம் மறைக்காதே என்று அழுதாராம். ஒன்றும் இல்லை சித்தி என்று அவர் சொல்லச் சொல்ல அழுகை கூடிப்போனதாம். எங்கள் ஹெட்மாஸ்டர்கூட என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாருக்கு ஏதாவது பெரிய வியாதியா என்று கேட்டார். வியாதி இல்லை சார், பைத்தியம் என்றேன். இருவரும் சிரித்தோம்.

இப்போது யோசித்தால் ஆப்பிளோடு வந்த ஜனங்கள்தான் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். எதுவோ உள்ளே இருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது. கிரவுண்டுக்கு நான்தான் பொறுப்பு, தினமும் அவரைப் பார்த்தவன் நான், எனக்குத்தான் அது தெரியவில்லை.

இரண்டு வருஷத்தில் எழுபத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டார். சனி ஞாயிறுகளில் பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போய் அங்கே நீச்சல் குளத்தில் நீந்திவிட்டு வருவார். “சொந்தக் கிணத்தை வெச்சிக்கிட்டு இவ்ளோ தூரம் போறீங்களே” என்று வழக்கம்போல வாயை விட்டுவிட்டேன். விட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கிணற்றுக்கு இன்னும் தயாராகவில்லை என்றார். நான் அதைத் துக்கம் ஆறவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

டிரையத்லான் என்ற வார்த்தையை அவரிடம் கொண்டுபோனதும் நான்தான். ஓசூர்ப் பக்கம் ஓர் ஏரியில் வைத்து நடத்துகிறார்கள் என்று என் பழைய மாணவன் ஒருவன் போனில் அனுப்பியிருந்தான். முதலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். சும்மா பேச்சுக்குத்தான் காட்டினேன். போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “மூணையும் நடுவுல நிக்காம செய்யணுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஐம்பத்தொரு வயதுக்காரர்களைச் சேர்ப்பார்களா என்று கேட்டார். சேர்ப்பார்கள் என்றேன். அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டார்.

ஆறு மாதப் பயிற்சியில் எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடத்தில்தான் அவர் கிறுக்குப் பிடித்தவர் போல உழைத்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட மாட்டார், கீழே போட்டுவிட்டு ஓடுவார். ஷூ போட மாட்டார். கல்லும் நெருஞ்சியும் கிடக்கிற கிரவுண்டில் வெறுங்கால். உள்ளங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. நான் ஒருநாள் திட்டவே திட்டினேன், ஷூ போட அரை நிமிஷம், அதில் என்ன குடி முழுகிவிடும் என்று.

“அப்ப ஷூ போட யாருக்குங்க நேரம் இருக்கும்?” என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை.

போட்டியன்று விடிகாலையில் ஏரிக்கரையில் பெங்களூரு ஆட்கள் கூட்டம். ஒவ்வொரு சைக்கிளும் ஒரு மோட்டார் பைக் விலை என்றார்கள். இவர் பழைய கியர் சைக்கிளோடு நின்றார். விசில் ஊதியதும் இறங்கினார். தண்ணீரில் கடைசி ஐந்து பேரில் ஒருவராகத்தான் வந்தார். ஆனால் கரையேறியதும் மற்றவர்கள் உட்கார்ந்து கால் துடைத்து, சாக்ஸ் மாட்டி, ஏதோ பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அங்கேயே பத்துப் பதினைந்து பேரைத் தாண்டினார். திரும்பி வந்ததும் சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு வெறுங்காலில் ஓட்டம். மைக்கில் பேசிக்கொண்டிருந்த பையன் ‘பேர்ஃபுட் அங்கிள்’ என்று கத்த, எல்லோரும் கை தட்டினார்கள். கடைசிக் கோட்டில் கழுத்தில் மெடல் போட்டு, கையில் வாழைப்பழம் கொடுத்தார்கள். நூற்றிருபத்தாறிலிருந்து எழுபத்தெட்டு என்று யாரோ சொல்லிவிட, ஜனங்கள் வரிசையில் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பி.டி. வாத்தியார் பிழைப்பில் இப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று நான் நினைத்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் புல்லில் உட்கார்ந்தார். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை என்று கேட்டார். குறித்து வைத்திருந்ததை வாசித்தேன். கேட்கக் கேட்க அவர் முகம் செத்துப்போனது. தோற்றவன் முகத்தை ஆயிரம் தடவை பார்த்தவன் நான். அது தோற்றவன் முகம்.

“முடியுதுங்க சார்” என்றார். “இந்த ஒடம்பா இருந்திருந்தா அன்னிக்கு நேரத்தோட கிணத்துக்குப் போயிருப்பேன்.”

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. இவர் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு ரோட்டோர வீட்டில் கட்டிலில் படுத்திருந்தார். போன் அடித்தது. தம்பி மனைவி, கிணற்று மேட்டிலிருந்து. அவர் முங்கினார், வரவில்லை, ஓடி வாங்க மாமா. வீட்டிலிருந்து தார் ரோட்டில் அரை கிலோமீட்டர், அப்புறம் வரப்பில் ஒரு கிலோமீட்டர் இருக்கும். சைக்கிளை எடுத்து ஏறினால் அவர் கனத்துக்கு டியூப் வெடித்துவிட்டது. நடந்து, ஓடப் பார்த்து, மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து போயிருக்கிறார். கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல் ஒரு முழ அகலம்தான். மூன்றாவது கல்லிலேயே வயிறு சுவரில் இடித்து ஆளை வெளியே தள்ளியது. இறங்க முடியவில்லை. தலைகீழாகக் குதித்துவிடலாம் என்றால் துணிச்சல் வரவில்லை. மேலே ஏறி நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்திருக்கிறார். கல்யாணத்திலிருந்து திரும்பிய இரண்டு பேர் வந்து தம்பியை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

பத்து நிமிஷம் என்று பங்காளி சொன்னது அவர் மண்டையில் ஏறிவிட்டது. தான் அதற்குள் கிணற்றுக்குப் போயிருக்க முடியுமா, முடியாதா என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு இளைத்து ஓடினாலும் முடியாது என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகப் படுத்துத் தூங்குவேன் என்றார். அதற்காகத்தான் இளைத்தார். அவர் குறைத்த ஒவ்வொரு கிலோவும், குறைந்த ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கே எதிரான சாட்சியாக ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்குக் கை தட்டியிருக்கிறேன்.

இங்கே ஓடியதை வைத்து முடிவு சொல்ல முடியாது, வரப்பு வேறு ரோடு வேறு என்றேன். அவரும் அதையேதான் யோசித்து வைத்திருந்தார்.

“அங்கயே பாத்துடலாங்க. வாட்ச் உங்க கையில இருக்கணும். நீங்க யாருக்கும் ஒரு செகண்டு தள்ளிக் குடுக்க மாட்டீங்க.”

அது மெய். வட்டார அளவுப் போட்டியில் சொந்த அக்காள் மகனை அரை செகண்டுக்காக வெளியே நிறுத்தியவன் நான். அக்காள் வீட்டில் இன்றைக்கும் எனக்குச் சோறு கிடையாது. என்னிடம் இருந்த ஒரே பெருமை அதுதான்.

அடுத்த வாரம் ஞாயிறு மதியம், அன்று போன் வந்த அதே மூன்று மணிக்கு ஏற்பாடு. நான் கிணற்று மேட்டில் நின்று அவருக்குப் போன் போட வேண்டும். அவர் கட்டிலில் படுத்திருப்பார். மணி அடித்ததும் எழுந்து வருவார், கிணற்றின் அடிவரை முங்கி ஃபுட்வால்வைத் தொட்டுவிட்டு வருவார். நான் மறுத்திருக்கலாம். ஒருவேளை பத்துக்கு மேல் ஆகிவிட்டால் இந்த மனுஷன் இத்தோடு விடுதலையாகிவிடுவாரே என்ற ஆசையில் ஒப்புக்கொண்டேன்.

மழை பெய்து கிணறு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. தம்பி மனைவி சற்றுத் தள்ளி வெண்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, என்னங்க சார் இந்தப் பக்கம் என்றார். சும்மா, சார் ஒரு பயிற்சி செய்கிறார் என்று மழுப்பினேன். போன் போட்டு, அந்தப் பக்கம் மணி அடித்ததும் வாட்சை அமுக்கினேன்.

தூரத்தில் சைக்கிள் ரோட்டைவிட்டு இறங்கி விழுவது தெரிந்தது. அப்புறம் வரப்பில் ஓர் ஆள், ஈரத்தில் வழுக்கி விழுந்து எழுந்து, தக்காளிக் கொடிகளை மிதித்துக்கொண்டு நேராக ஓடிவந்தார். அந்தம்மா களைக்கொத்தைக் கையில் பிடித்தபடியே வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. பாட்டனி சார் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவே இல்லை. படிக்கல்லில் தடதடவென்று இறங்கி, பாதியிலேயே குதித்தார். தண்ணீர் மூடிக்கொண்டது.

நான் என்னென்னவோ ஓட்டம் பார்த்திருக்கிறேன். வாட்சில் செகண்டு இவ்வளவு மெதுவாக நகர்ந்து பார்த்ததில்லை. தலை வெளியே வந்தது. வாட்சை நிறுத்தினேன். எட்டு நிமிஷம் நாற்பது செகண்டு.

“எத்தனைங்க?” என்று தண்ணீருக்குள்ளிருந்தே கேட்டார். கை நிறைய அடிமண்ணை அள்ளி மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

“பன்னெண்டு” என்றேன். “பன்னெண்டு சொச்சம்.”

என் வாழ்நாளில் சொச்சம் என்று நான் நேரம் சொன்னதில்லை. அவர் அங்கிருந்தே என்னைப் பார்த்தார். கையிலிருந்த மண் கரைந்து முழங்கையில் வழிந்தது. “அப்படீங்களா” என்றார். வாட்சைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. வாட்சில் இருந்த நேரத்தை நான் அழித்துவிட்டேன்.

அவர் மோட்டார் ரூமுக்குள் ஈரத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தம்மா என்னோடு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து வந்தார். “நீங்க எத்தனைன்னு சொல்லியிருந்தாலும் ஒண்ணுதானுங்க” என்றார் முதலில். எனக்கு விளங்கவில்லை. அப்புறம் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவர் வீட்டுக்காரருக்கு ஒரு விளையாட்டு உண்டு. முங்கினால் உடனே வரமாட்டார். மோட்டார்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே இருந்து பயம் காட்டுவார். கல்யாணமான புதிதில் அந்தம்மா அலறி ஊரைக் கூட்டிவிட்டார். ஊர் வந்து எட்டிப் பார்க்கும்போது புருஷன் சிரித்துக்கொண்டே மேலே வந்தார். நீச்சல்காரன் பெண்டாட்டிக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இனிமேல் கத்திக் கூட்டத்தைக் கூட்டினால் பார் என்று புருஷனும் கோபித்துக்கொண்டார்.

“அன்னிக்கும் வெளையாடறாருன்னுதான் சார் நெனைச்சேன். வரட்டும், நாமளும் பாக்கலாம்னு வீம்பா களை வெட்டப் போயிட்டேன். ஒரு பாத்தி முழுசும் வெட்டிட்டுத்தான் நிமிந்து பாத்தேன். அப்புறந்தான் போனே பண்ணேன்.”

அவர் கை காட்டிய பாத்தியை நான் திரும்பிப் பார்த்தேன். நீளமான பாத்தி. நானும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன்தான். எவ்வளவு வேகமான கையாக இருந்தாலும் கால் மணி நேரத்துக்குக் குறையாது. பாட்டனி சார் வீட்டுப் போன் அடிப்பதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. சைக்கிள் டியூப் வெடிக்காமல் இருந்திருந்தாலும், அவர் காற்றாகப் பறந்து வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

“மாமாகிட்ட சொல்லிடாதீங்க சார். எனக்கு ஒரு பொண்ணு இருக்குது. ஒரு நாளைக்கு நானே சொல்றேன்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன செய்வது.

அந்த வருஷமே நான் ஓய்வு பெற்றேன். அவர் மாற்றலாகி மொரப்பூர்ப் பக்கம் போனார். இனிமேல் விட்டுவிடுவார், இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டுக் கொஞ்சம் சதை போடுவார் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. எங்கே போட்டி என்றாலும் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பன்னிரண்டு என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் ஏன் இன்னும் ஓடுகிறார்? உண்மையைச் சொன்னால் அவர் விடுபடுவார். அந்தம்மா அகப்பட்டுக்கொள்வார். யார் உயிரை யாருக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று புரியாமல் பட்டப்பகலில் நடுவீட்டில் நின்றுவிடுவேன். என் மனைவி, என்ன தேடறீங்க என்று கேட்பாள்.

போன தையில் அந்தம்மாவின் மகளுக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது. அப்பா இடத்தில் பெரியப்பாவாகப் பாட்டனி சார்தான் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். முன்பைவிட இன்னும் இளைத்திருந்தார். பட்டு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்தம்மா ஒவ்வொரு இலையாகக் குனிந்து, நல்லா சாப்பிடுங்க என்று விசாரித்துக்கொண்டே வந்தார். எங்கள் இலைக்கு வந்து, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லட்டுங்களா மாமா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், அன்னிக்கு நீங்க சொன்னது சரியான டைம்தானுங்களே?”

அந்தம்மா நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது, இனி என்ன பயம், சொல்லிவிடுவார். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியவில்லை.

“சரிதானுங்க சார்” என்றேன்.

அந்தம்மா அடுத்த இலைக்குப் போனார்.